ஜான் ஹண்டரின் இருதயம்

மனமும் உடலும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வன என்பதை எந்நாட்டுப் பாமரரும் அறிவர். துக்கச் செய்தி கேட்டு நெஞ்சடைத்து வீழ்ந்தார் என்றும், கோபத்தால் இரத்தம் கொதித்தது என்றும் நாம் அன்றாடம் பேசுகிறோம். ஆயின் இப்பேச்சில் உண்மை எவ்வளவு, உவமை எவ்வளவு என்று அளந்தறியப் புகுந்தோர் மிகச் சிலரே. அச்சிலருள்ளும், தம் சொந்த மார்பையே ஆராய்ச்சிக்கூடமாகக் கொண்டு, இருபது ஆண்டுகள் தம் நோயைத் தாமே உற்று நோக்கியவர் ஜான் ஹண்டர் என்னும் இரணவைத்தியர். கோபம் தம் உயிரைக் கொள்ளும் என்று அவர் முன்னரே அறிந்திருந்தார். அறிந்தவாறே உயிர் துறந்தார். அவரது சரித்திரத்தைச் சுருங்கக் கூறுதலே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

ஹண்டர் 1728ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ நகருக்கு அணித்தாயுள்ள லாங் கால்டர்வுட் என்னும் பண்ணைவீட்டில் பிறந்தார். பெற்றோருக்கு மக்கள் பதின்மர், இவரே கடைக்குட்டி. பதின்மூன்றாம் வயதில் தந்தையை இழந்தார். பள்ளிக்கூடமும் புத்தகமும் அவருக்குச் சிறிதும் உவக்கவில்லை. வயலிலும் காட்டிலும் திரிந்து, மேகங்கள் ஏன் கூடுகின்றன, இலையுதிர்காலத்தில் இலைகள் ஏன் நிறம் மாறுகின்றன, எறும்பும் தேனீயும் யாது செய்கின்றன என்று வினவுவதிலேயே அவர் பொழுது கழிந்தது. சிறிது காலம் கிளாஸ்கோவில் தம் சகோதரியின் கணவரிடம் தச்சுவேலை செய்தார் என்பர். கைத்திறம் அன்றியே அவரிடம் இருந்தது. அதற்கேற்ற தொழில்தான் அதுகாறும் வாய்க்கவில்லை.

1748ஆம் ஆண்டு, தம் இருபதாம் வயதில், அவர் இலண்டன் மாநகருக்குச் சென்றார். பத்து வயது மூத்த தமையனாராகிய வில்லியம் ஹண்டர் அங்கே தேக அமைப்பு நூல் கற்பிக்கும் பாடசாலையொன்றை நடத்தி வந்தார். தம்பியின் கையில் ஒரு பிரேதத்தின் கரத்தைக் கொடுத்து அறுத்துப் பார்க்கச் சொன்னார் தமையனார். அவ்வேலையின் செம்மையைக் கண்டு வியந்து, அவரைத் தமக்குத் துணையாக அமர்த்திக்கொண்டார். ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் ஜான் அவ்வறுவைக் கூடத்தில் உழைத்தார். இடையே செஸல்டன், பெர்ஸிவல் பாட் என்னும் பேர்பெற்ற இரணவைத்தியர்களிடத்தும் பயின்றார். 1755இல் அவரை ஆக்ஸ்பர்டு சர்வகலாசாலைக்கு அனுப்பினர். கிரேக்கமும் இலத்தீனும் ஓதும் அவ்வாழ்வு அவருக்கு ஒவ்வாமையால், இரண்டு மாதத்திற்குள் திரும்பிவிட்டார். ஏட்டில் உள்ளதை ஏற்பதினும், கண்ணால் கண்டு கையால் சோதித்து அறிவதே மேல் என்னும் கொள்கை அவரிடம் இறுதிவரை மாறாதிருந்தது.

1760இல் சேனையில் வைத்தியராகச் சேர்ந்து, பிரெஞ்சுக் கரையிலுள்ள பெல் ஈல் தீவிலும், பின்னர்ப் போர்ச்சுகலிலும் போர்க்களப் புண்களைக் கண்டார். 1763இல் இலண்டன் மீண்டு, தொழில் நடத்தலானார். 1767இல் இராயல் சங்கத்தின் அங்கத்தினராகவும், 1768இல் செயிண்ட் ஜார்ஜ் வைத்தியசாலையின் இரணவைத்தியராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1771இல் மனித தந்தங்களைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே கவிதை இயற்றுவதில் வல்லவராகிய ஆன் ஹோம் என்னும் மாதரசியாரை மணந்தார். இம்மாதரசியாரின் பாடல்கள் சிலவற்றுக்குப் பின்னாளில் ஹைடன் என்னும் சங்கீத வித்துவான் இசை அமைத்தார். மணமக்களுக்குப் பிறந்த நான்கு குழந்தைகளில் இருவரே வளர்ந்து ஆளாயினர்.

அக்காலத்தில் அவர் உழைத்த உழைப்பு நம்மைத் திகைக்கச் செய்வது. விடியுமுன் எழுந்து அறுவைக் கூடம் புகுவார். காலையுணவுக்குப் பின் நோயாளரைப் பார்ப்பார். மாலையில் சிறிது உறங்கி, நள்ளிரவு வரை தம் குறிப்புகளை ஒருவரைக் கொண்டு எழுதுவிப்பார். ஏர்ல்ஸ் கோர்ட் என்னும் இடத்தில் அவருக்கிருந்த தோட்டத்தில் தேனீக்களும், காட்டு விலங்குகளும், அரிய பறவைகளும் ஆராய்ச்சிக்காக வளர்ந்தன. அவர் வீட்டில் தங்கிப் பயின்ற மாணாக்கருள் ஒருவர் எட்வர்டு ஜென்னர். பின்னாளில் அம்மை குத்தும் முறையை உலகுக்கு அளித்த பெருந்தகை இவரே. ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இருந்த அன்பு ஆயுட்காலம் முழுவதும் குன்றவில்லை. அவ்வன்பே பின்னர் ஜென்னருக்குப் பெரிய தருமசங்கடத்தை விளைத்ததென்பதை மேலே காண்போம்.

இனி அவருடைய நோயின் வரலாற்றைக் கூறுவோம். 1768இல் வில்லியம் ஹெபர்டென் என்னும் வைத்தியர் ஒரு புதிய நோயை இலண்டன் வைத்தியர் கழகத்தில் விவரித்தார். 1772இல் அக்கட்டுரை அச்சேறியது. உணவுண்டபின் மேட்டில் நடப்போருக்கு மார்பு இறுகி, உயிரே போவதுபோல் ஒரு நோவு தோன்றும், நின்றால் மறையும், முடிவில் திடீர் மரணம் நேர்தலும் உண்டு. அஞ்ஜைனா பெக்டோரிஸ் என்று அவர் அதற்குப் பெயரிட்டார். ஆனால் அது தேகத்தின் எவ்வுறுப்பில் பிறப்பது என்று அவர் அறியவில்லை. அக்கட்டுரையைப் படித்த ஒருவர், தமக்கும் அந்நோய் இருப்பதாகப் பெயர் குறியாது ஹெபர்டெனுக்கு எழுதி, தாம் திடீரென இறப்பின் தம் உடலைச் சோதிக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். அவ்வாறே அவர் இறந்தபோது அவ்வுடலை அறுத்துப் பார்த்தவர் ஹண்டரே. நோயின் காரணம் யாதும் புலப்படவில்லை. அடுத்த ஆண்டிலேயே அதே நோய் அவரையும் பற்றியது.

1773ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் ஒருநாள் காலை, வயிற்றின் மேற்பாகத்தில் அவருக்குக் கொடிய நோவு கண்டது. எழுந்து உலாவினார், குறையவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது தம் முகம் பிணத்தின் முகம்போல் வெளிறியிருக்கக் கண்டார். கைந்நாடி தட்டுப்படவில்லை. தம் சுவாசமும் நின்றுவிட்டதை உணர்ந்து, உயிர் போய்விடுமென்று அஞ்சி, தம் முயற்சியாலேயே மூச்சை இழுத்தும் விட்டும் வந்தார். தமையனாரும் வேறு சில வைத்தியரும் வந்து நோக்கினர். அவர்களாலும் நாடியைக் காண முடியவில்லை. முக்கால் மணி நேரம் சென்றபின் நோவு தணிந்தது. அந்நிலையிலும் அவர் அறிவு கலங்கவில்லை. தமக்கு நேர்வன அனைத்தையும் மற்றொருவரது நோயைக் காண்பார்போல் கவனித்து மனத்தில் பதித்துக்கொண்டார்.

சில ஆண்டுகள் கழித்து இரண்டாவது பெரிய பீடை வந்தது. நண்பர் ஒருவருக்கு அவர் ஜாமீன் நின்றிருந்தார். அந்நண்பர் கடனைத் தீர்க்காமையால், பெருந்தொகை ஹண்டரின் தலைமேல் விழுந்தது. அக்கவலையை அடுத்து அவருக்குத் தலைச்சுற்றல் உண்டாகிப் பல நாள் படுக்கையில் கிடந்தார். தாம் அந்தரத்தில் தொங்குவது போலவும், தம் தேகம் மிகச் சிறுத்துவிட்டது போலவும் அவருக்குத் தோன்றியது. சிறு ஒளியும் ஒலியும் பொறுக்கவில்லை. 1777இல் பாத் என்னும் நீரூற்று நகருக்குச் சென்று தங்கினார். அங்கே அவரைக் காண வந்த ஜென்னர், ஆசிரியரின் தோற்றத்தைக் கண்டு உள்ளம் பதறினார். இஃது ஹெபர்டென் கூறிய மார்நோயே என்று அவருக்கு ஐயமறத் தெரிந்தது.

ஜென்னர் இந்நோயின் மூலத்தையும் ஏறக்குறையக் கண்டுபிடித்திருந்தார். மார்நோயால் இறந்த ஒருவரின் இருதயத்தை அவர் அறுத்தபோது, கத்தி கல்போன்ற ஏதோவொன்றில் பட்டு நெறித்தது. அறையின் பழைய கூரையிலிருந்து சுண்ணாம்புக் காரை உதிர்ந்ததோ என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். மீண்டும் ஆராய்ந்தபோது, இருதயத்தின் தசைக்கே இரத்தம் ஊட்டுகின்ற கொரோனரிக் குழாய்கள் எலும்புபோல் இறுகியிருப்பதைக் கண்டார். இதனை ஹெபர்டெனுக்குத் தெரிவிக்கக் கருதி 1778இல் ஒரு கடிதமும் எழுதினார். ஆனால் ஊரறியக் கூறினால் செய்தி ஹண்டரின் காதுக்கும் எட்டுமன்றோ? தம் நோய் தீராதது, எக்கணத்தில் முடியுமென்று சொல்லவியலாதது என்று கேட்டால், அவர் மனம் அதனைத் தாங்குமோ என்னும் அச்சம் ஜென்னரின் வாயை அடைத்தது. ஆகவே தம் கருத்தை ஹண்டரின் மைத்துனர் எவராடு ஹோம் போன்ற ஓரிருவரிடம் மாத்திரம் தெரிவித்து, மற்றபடி மௌனம் சாதித்தார்.

இம்மௌனம் சரியா தவறா என்று நாம் எளிதில் தீர்ப்புச் சொல்லவியலாது. உண்மையை மறைத்தலால் விஞ்ஞானம் பல ஆண்டுகள் பின்தங்கியது என்பது மெய். ஆயினும், அச்சமே நோயை விளைக்கும் தன்மையுடைய ஒருவருக்கு அச்சத்தை ஊட்டாதிருத்தலும் வைத்தியத்தின் ஒரு பகுதியே. இதில் ஒரு விந்தை உண்டு. மாணாக்கர் எதனை மறைத்தாரோ, அதன் பெரும்பகுதியை ஆசிரியர் தம் அனுபவத்தாலேயே அறிந்திருந்தார். குழாய்கள் இறுகியிருந்தமை அவருக்குத் தெரியாதிருந்திருக்கலாம். தம் மனத்தின் எவ்வசைவு தம் மார்பை இறுக்கும் என்பதை அவரைவிட நன்கறிந்தவர் எவருமிலர்.

1785 முதல் நோய் அடிக்கடி வரத் தொடங்கியது. மேடேறுதல், விரைந்து நடத்தல் ஆகியவற்றால் வருவது பழைய கதை. இப்போது மனக்கிளர்ச்சியாலும் வந்தது. கூட்டைவிட்டுக் கிளம்பிய தேனீக்கூட்டத்தை மறுபடி கூட்டில் சேர்க்கவேண்டுமே என்ற பரபரப்பால் வந்தது. துப்பாக்கி கைக்கு வருமுன் ஒரு விலங்கு தப்பிவிடுமோ என்ற ஆவலால் வந்தது. கோபமோ எல்லாவற்றினும் கொடியது. அஃதொன்றே தம் உயிரை முற்றும் போக்கவல்லது என்று அவர் நினைத்தார். எரிச்சலூட்ட விரும்பும் எந்தக் கயவன் கையிலும் தம் உயிர் அகப்பட்டிருக்கிறது என்று அவர் சொல்வதுண்டாம். ஆனால் வியப்பாவது யாதெனில், மென்மையான உணர்ச்சிகள் அவரை வருத்தவில்லை. பிறர் துயரையோ நன்றியறிவையோ பற்றிய ஒரு கதையைக் கூறுங்கால் அவர் கண்ணீர் சொரிவார். மார்நோவு மட்டும் தோன்றாது. இரக்கத்தையும் சினத்தையும் இவ்வாறு பிரித்தறிந்து, இஃது இருதயத்தைத் தாக்கும், அது தாக்காது என்று தம் உடலிலேயே கண்டறிந்த வைத்தியர் அவருக்குமுன் இருந்தனரோ என்பது ஐயமே. இக்குறிப்புகளை அவர் மரணத்திற்குப்பின் எவராடு ஹோம் எழுதிய சரிதையிற் காணலாம்.

இத்தகைய நோயிடையேயும் அவர் வேலையை விட்டாரில்லை. உணவும் உறக்கமும் குறையவில்லை; மனச்சோர்வும் அவரை அணுகவில்லை என்று ஹோம் கூறுகிறார். 1785 டிசம்பரில், முழங்காலின் பின்புறத்தே இரத்தக்குழாய் புடைத்து வீங்கிய ஒரு வண்டியோட்டிக்கு அவர் சிகிச்சை செய்தார். காலையே வெட்டி நீக்குவது அக்கால வழக்கம். ஹண்டரோ வீக்கத்துக்கு மேலே, தொடையில் குழாயைக் கட்டிவிட்டார். இரத்தம் வேறு சிறு குழாய்களின் வழியே தானாகவே பாதை கண்டுகொள்ளும் என்பது அவர் துணிபு. கால் பிழைத்தது. 1787இல் இராயல் சங்கம் அவருக்குக் காப்ளே பதக்கம் அளித்தது. 1790இல் சேனையின் தலைமை இரணவைத்தியரானார். லெஸ்டர் சதுக்கத்தில் அவர் அமைத்த பொருட்காட்சிச்சாலையில் அவர் இறக்கும்போது ஏறக்குறைய 14,000 மாதிரிகள் இருந்தன.

அப்பெருஞ்செல்வத்தில் ஒரு களங்கமும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. சார்லஸ் பர்ன் என்னும் அயர்லாந்து தேசத்து நெடுமனிதர், தம் உடல் வைத்தியர் கையில் அகப்படலாகாதென அஞ்சி, தம்மைக் கடலில் அடக்கம் செய்யுமாறு வேண்டியிருந்தார். 1783இல் அவர் இறந்தபோது, ஹண்டர் பணம் கொடுத்து அவ்வுடலைக் கைப்பற்றி, எலும்புக்கூட்டைத் தம் சாலையில் வைத்தார். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் காட்சியிலிருந்த அவ்வெலும்புக்கூட்டை இனிக் காட்சிக்கு வைப்பதில்லையென்று 2023இல் அப்பொருட்காட்சிச்சாலையார் அறிவித்தனர். அறிவு வேட்கை பெரிதாயினும், இறந்தவரின் விருப்பத்தை மிதித்தேறும் உரிமை அதற்கில்லை.

1789 டிசம்பரில் ஒரு நண்பரின் வீட்டில் இருக்கையில், அரைமணி நேரம் அவருக்கு நினைவு முற்றும் தவறியது. நகரில் எப்பகுதியில் இருக்கிறோம் என்பதும், தெருவின் பெயரும் தெரியவில்லை. தமக்கு நினைவு தவறியிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அதன்பின் முடிவு தொலைவில் இல்லையென்று சுற்றத்தார் உணர்ந்தனர்.

செயிண்ட் ஜார்ஜ் வைத்தியசாலையில் அவருக்கும் சக வைத்தியர்களுக்கும் மாணாக்கரைச் சேர்ப்பது பற்றியும் கற்பிப்பது பற்றியும் நெடுநாளாகப் பிணக்கு இருந்தது. முன்னரே வைத்தியக் கல்வி பெற்றமைக்குச் சான்றில்லாதவரைச் சேர்த்தல் கூடாதென அச்சாலையார் ஒரு விதி செய்தனர். விதியை அறியாத இரு ஸ்காட்லாந்து இளைஞர் தம்மைச் சேர்க்கும்படி ஹண்டரை வேண்டினர். அவர்களுக்காகப் பேச 1793 அக்டோபர் 16ஆம் நாள் அவர் நிர்வாகக் கூட்டத்திற்குப் புறப்பட்டார். அங்கே வாக்குவாதம் எழக்கூடும், அது தமக்கு ஆபத்தாய் முடியவும் கூடும் என்று அன்று காலையில் ஒரு நண்பரிடம் சொல்லியே சென்றார். தாமும் ஒருகாலத்தில் கல்விச் சான்று யாதுமின்றி ஸ்காட்லாந்திலிருந்து வந்த இளைஞரே என்னும் நினைவு அவரை உந்தியிருத்தல் கூடும்.

கூட்டத்தில் அவர் பேசிக்கொண்டிருக்கையில், சக வைத்தியர் ஒருவர் அவர் கூற்றை மறுத்துரைத்தார். ஹண்டர் பேச்சை நிறுத்தினார். பொங்கியெழுந்த சினத்தை அடக்கிக்கொண்டு, மறுமொழி கூறாது அடுத்த அறைக்குள் விரைந்தார். அங்கே ஆழ்ந்த முனகலொன்று அவரிடமிருந்து வெளிப்பட்டது. அருகிலிருந்த ஒரு வைத்தியரின் கைகளில் சாய்ந்து உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 65.

உடலைச் சோதித்தபோது, கொரோனரிக் குழாய்கள் எலும்புபோல் இறுகிக் கிடந்தன. ஜென்னர் எப்போதும் ஹண்டரிடம் கூற அஞ்சிய அதே காரணம் உண்மையாயிற்று என்று ஹோம் அவருக்கு எழுதினார். ஜென்னரின் நண்பர் பாரி என்னும் வைத்தியர் 1799இல் மார்நோய் பற்றி எழுதிய நூலில் இவ்வரலாறு முதன்முறை உலகுக்கு வெளியாயிற்று. ஆசிரியர் மறைந்த பின்னரே மாணாக்கரின் மௌனம் கலைந்தது.

ஹண்டர் கடனாளியாகவே இறந்தார். ஈட்டிய பொருளெல்லாம் பொருட்காட்சிச்சாலையில் அடங்கிவிட்டது. பார்லிமெண்டார் 1799இல் 15,000 பவுனுக்கு அதனை வாங்கி இரணவைத்தியர் சங்கத்தாரிடம் ஒப்புவித்தனர். அவர் எழுதிவைத்த கையேடுகளை ஹோம் 1823இல் தீக்கிரையாக்கினார். 1941இல் விழுந்த வெடிகுண்டுகளால் மாதிரிகளிற் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியவை இலண்டனில் இன்றும் உள்ளன. 1859இல் அவரது உடற்பேழையைப் பக்லண்டு என்பார் பல நாள் தேடிக் கண்டெடுக்க, அது வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் மரியாதையுடன் வைக்கப்பட்டது.

அவர் தம் மார்பில் உணர்ந்த உண்மையைப் பிற்காலத்தோர் வேறு வழிகளில் உறுதி செய்தனர். சினமும் அச்சமும் எழுங்கால் அட்ரினலின் என்னும் பொருள் இரத்தத்தில் மிகுகின்றது. இருதயம் விரைந்து துடிக்கின்றது. இரத்த அழுத்தம் உயர்கின்றது. இருதயத் தசைக்கு அதிக இரத்தம் வேண்டியதாகின்றது. குறுகி இறுகிய குழாய்கள் அதனைத் தரமாட்டாமையால் நோவு பிறக்கின்றது. 1959இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்து வைத்தியர்களாகிய பிரீட்மன், ரோசன்மன் என்போர், பரபரப்பும் போட்டி மனப்பான்மையும் உடையாருக்கு இருதய நோய் மிகுதி என்று எழுதினர். அவர்கள் முடிவு பின்னர்ப் பல ஆராய்ச்சிகளால் முழுவதும் உறுதிப்படவில்லையாயினும், சினமும் பகைமையும் தீங்கு செய்யும் என்னும் பகுதிக்கு ஆதரவு கிடைத்தது. மனம் இருதயத்தைத் தாக்குவதுபோல், இருதய நோயும் மனத்தைத் தாக்கும். கானடா தேசத்து மாண்ட்ரியால் நகரில் பிரேசர் சுமித் அம்மையாரும் உடனுழைத்தோரும், மாரடைப்பிலிருந்து பிழைத்த 222 பேரை ஆராய்ந்து 1993இல் வெளியிட்டதைக் காண்க. அவர்களுள் கடும் மனச்சோர்வுற்றவர், மற்றவரைக் காட்டிலும் ஆறு மாதத்திற்குள் மிகுதியாக இறந்தனர். ஹண்டர் இறந்து சரியாக இருநூறு ஆண்டுகள் சென்றபின் வெளிவந்த செய்தி இது.

ஆகவே இருதய நோயாளரின் மார்பை மட்டும் சோதித்து, மனத்தைக் கேளாது விடுதல் அரைகுறை வைத்தியமேயாம். அவர் எதனை அஞ்சுகிறார், எதனால் வெகுள்கிறார், இரவில் உறங்குகிறாரா, நம்பிக்கை இழந்துவிட்டாரா என்று கேட்டல், நாடி பார்த்தலைப்போலவே இன்றியமையாதது. நோயாளரிடம் எவ்வுண்மையை, எப்போது, எவ்வண்ணம் கூறுவது என்னும் வினாவும் ஜென்னர் காலத்தோடு தீர்ந்துவிடவில்லை. நம் மாணவருள் வைத்தியராக விரும்புவோர் அவ்வினாவை ஒருநாள் தாமே எதிர்கொள்வர்.

ஹண்டர் அன்று வீட்டிலேயே தங்கியிருப்பின் சில நாள் கூடுதலாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அறிமுகமற்ற இரு இளைஞருக்காகப் பேசவே அவர் அபாயத்தை அறிந்தும் சென்றார். தம் சினத்தின் வலிமையை அறிந்திருந்தும் அதனை வெல்லும் வழியை அவர் கற்கவில்லை. அது அவர் குறை. தம்மை நாடி வந்தோரைக் கைவிடவும் அவர் கற்கவில்லை. அது அவர் பெருமை. குறையும் பெருமையும் ஒருங்கே குடிகொண்டிருந்த அவ்விருதயம் 1793இல் நின்றது. அஃது அவருக்குக் கற்பித்த பாடம் இன்னும் வைத்தியருக்குப் பயன்பட்டு வருகின்றது.